இருபத்தாறாம் புள்ளி

எனக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது என் டைப்ரைட்டருக்குத்தான். ஓங்கி அடிப்பதில் ஸ்டென்சில் தாளே கிழிந்து, எழுத்தின் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். எண்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதம் ஒரு ஆட்டத்துக்காக நான் அடித்த சட்டம் மூன்றில் மட்டும் ஐந்து ஓட்டை. அதை நகல் எடுக்கும் உருளையில் ஏற்றி அறுபது பிரதி எடுத்தபோது, அறுபதிலும் ஐந்தைந்து மைப்பொட்டு. என் கோபத்துக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

என் பெயர் ராக்கம்மாள். திருப்பரங்குன்றத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில், ஆறு மெஷின் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். காலை ஆறரைக்கு முதல் பேட்ச். கடைசி பேட்ச் போகிறவரை தடதடவென்று சத்தம்தான். அதனாலேயே எனக்கு மெதுவாகப் பேச வராது என்று என் தங்கை சொல்வாள். அவள் சொன்னால் சரி. வேறு யாராவது சொன்னால் விடமாட்டேன்.

தங்கை சின்னத்தாய் என்னிடம்தான் டைப் படித்தாள். லோயர் பாஸ். ஹையருக்கு விரல் ஓடிக்கொண்டிருந்தபோது கல்யாணம் கூடிவந்தது. வாடிப்பட்டியில் இறங்கி நாலு மைல் உள்ளே போனால் செம்மணூத்து. மாப்பிள்ளை நல்ல பையன், அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. மாமனார்தான் கருத்தக்கண்ணன். கிணறு வைத்து வெங்காயம் போடுகிறவர். நிச்சயம் பண்ண வந்த அன்று, ஹையர் பரீட்சையை மட்டும் எழுத விடுங்கள் என்று நான் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "டைப் அடிச்சு எங்க வீட்டுல என்னத்தா ஆகப் போகுது? வெங்காயம் ஆயத்தான் வெரலு வேணும்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்த மனிதர் என் வாய்க்குள் நெருஞ்சி முள்ளாக உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வாரம் ஒரு போஸ்ட் கார்டு வரும். வியாழக்கிழமை எழுதுவாள், சனிக்கிழமை என் கையில் இருக்கும். அதில் ஒன்றும் இருக்காது. "அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். இவங்க வீட்டில் எல்லோரும் நலம். மழை இல்லை." அவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியும். அந்த ஊருக்கு வரும் தபாலெல்லாம் ஒரு பெட்டிக்கடையில் கட்டாக வந்து இறங்கும். போகிற தபாலும் அங்கிருந்துதான் போகும். கார்டு என்றால் கடைக்காரர் வாசிப்பார், டீ குடிக்க வந்தவன் வாசிப்பான், பீடி வாங்க வந்தவன் வாசிக்கச் சொல்லிக் கேட்பான். ஊரே வாசிக்கிற காகிதத்தில் ஒரு பெண் என்னத்தை எழுதுவாள்? ஆனாலும் ஒன்றை மட்டும் நான் விடாமல் பார்ப்பேன். ஒவ்வொரு கார்டிலும் "இவங்க வீடு" என்றுதான் எழுதுவாள். "நம்ம வீடு" என்றால் அது திருப்பரங்குன்றம். அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. அவள் இன்னும் எங்கள் ஆள்தான்.

ஒரு நாள் அந்த நலத்தையும் மழையையும் வாசித்து வாசித்து எரிச்சல் தாங்காமல், பதில் கார்டில் ஒரு ஆடுபுலிப் பலகையை வரைந்தேன். சின்ன வயதில் தரையில் கரிக்கட்டியால் போட்டு, புளியங்கொட்டை வைத்து நாங்கள் இருவரும் விளையாடிய அதே பலகை. ஒரு உச்சி, அதிலிருந்து இறங்கும் நாலு கோடு, குறுக்கே மூன்று கோடு, அடியில் ஒரு கோடு. கோடு சந்திக்கும் இடங்களுக்கு மேலிருந்து கீழாக எண் போட்டேன். உச்சி ஒன்று, கடைசிப் புள்ளி இருபத்து மூன்று. "மூன்று புலியை வைத்துவிட்டேன். உனக்குப் பதினைந்து ஆடு. முதல் ஆடு எங்கே?" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

சனிக்கிழமை பதில் வந்தது. நலம் இல்லை, மழை இல்லை. "ஆடு 20. பாத்துக்கிறேன் உன்னை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது என்பது அடிக்கோட்டின் இடது மூலை. ஏழு வயதிலிருந்து அவள் முதல் ஆட்டை அங்கேதான் வைப்பாள். மூலையில் இருக்கிற ஆட்டுக்கு அந்தப் பக்கம் புள்ளி கிடையாது, அதனால் எந்தப் புலியும் அதைத் தாண்டிக் குதித்து வெட்ட முடியாது. நான் எப்போதும் புலி, மூத்தவள் இல்லையா. அவள் எப்போதும் ஆடு.

வாரம் ஒரு நகர்த்தல் என்று ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது வாரம் அவள் கார்டின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் ரெண்டு வரி. "டீச்சரம்மா, நீங்க புலியை 9-க்கு விட்டது தப்பு. தங்கச்சி 10-ல ஆட்டை வச்சா ஒங்க புலி ஒடுங்கிரும். இப்படிக்கு, பெட்டிக்கடை முகைதீன் பிச்சை."

எப்படி இருக்கும் எனக்கு! அடுத்தவர் கார்டை வாசித்ததும் இல்லாமல், அதில் யோசனையும் எழுதுகிறார் ஒரு மனிதர். அதுவும் எனக்குச் சொல்கிற சாக்கில் அவளுக்கும் வழி காட்டிவிட்டார். "வேடிக்கை பார்க்கிறவர் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். தைரியம் இருந்தால் தனிக் கார்டு போட்டு என்னோடு ஆடவும்" என்று எழுதினேன். அவர் போட்டார். நாலு மாதத்தில் அவரைத் தோற்கடித்தேன். தோற்ற கையோடு, "நம்ம கடையில இன்னும் ஏழு பேரு ஆடணும்னு நிக்கிறாங்க, அட்ரஸ் அனுப்பவா?" என்று கேட்டார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் கடை விரிக்கவில்லை, கூட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. என் மேஜை மேல் கிடந்த கார்டுகளைப் பார்த்து டைப் படிக்க வந்த பிள்ளைகள் கேட்டார்கள். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருக்கும் வெள்ளைத்துரை, எதையும் பேனா பிடித்து எழுதி வைக்கிற மனிதர், தன் ஆபீஸிலிருந்து நாலு பேரைச் சேர்த்துவிட்டார். மதுரைக்குள்ளிருந்து, காஜிமார் தெரு ஜெயினம்பு என்ற அம்மாள் இப்படி எழுதினார்: "என் மகளை உங்களிடம் டைப் கற்றுக்கொள்ள அனுப்பினேன். அவள் ஆடுபுலி கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். அனுப்பியது நான் என்பதால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

யார் யாரோடு ஆடுகிறார்கள், யார் ஜெயித்தார்கள், யார் பத்து நாளாகப் பதில் போடவில்லை என்று எனக்கே குழம்பியது. ஆட்டத்துக்கு ரெண்டு சட்டமும் எழுதி, மாதம் ஒரு தாள் டைப் அடித்து, இன்ஸ்டிட்யூட் உருளையில் பிரதி எடுத்து அனுப்பத் தொடங்கினேன். தலைப்பில் "ஆடுபுலி அஞ்சல் வட்டம்". ஒன்றரை வருடத்தில் ஐம்பத்தேழு பேர். அதில் பாதிப் பேரை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. புதிதாக வருகிறவர்களை ஜெயினம்பு பார்த்துக்கொண்டார். அவர் முறையே தனி. முதல் கார்டில் ஆட்டத்தைப் பற்றியே பேசமாட்டார். வீட்டில் எத்தனை பேர், சாப்பிட்டீர்களா, கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்பார். இரண்டாம் கார்டில்தான் புலி இறங்கும். எவ்வளவு சொத்தை ஆட்டக்காரராக இருந்தாலும் முதல் ஆட்டத்தில் பத்துக் கார்டு வரைக்கும் இழுத்துப் பிடித்து ஆடுவார். "வந்த ஒடனே வெட்டிப்புட்டா யாரு ராக்கம்மா திரும்பி வருவா?" என்று ஒரு தடவை நேரில் வந்தபோது சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இந்த நேரத்தில்தான் கருத்தக்கண்ணன் சேர்ந்தார். என் தங்கையின் மாமனாரேதான். பிச்சை கடையில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்திருக்கிறது. நான் அவரை வெள்ளைத்துரையோடு கோத்துவிட்டேன். பன்னிரண்டு கார்டு வரை ஒரு தகராறும் இல்லை. பதின்மூன்றாவது கார்டில் கருத்தக்கண்ணன், "ஆடு 26" என்று எழுதியிருந்தார்.

வெள்ளைத்துரை அந்தக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளில் பசுமலையிலிருந்து நேராக வந்தார். மூச்சு வாங்கியது. "பாருங்கம்மா அநியாயத்த! இருபத்து மூணுதான் புள்ளி. இந்த மனுசன் இருபத்தாறுல ஆட்ட வைக்கிறாரு. இல்லாத எடத்துல ஆடு எப்படிம்மா நிக்கும், ஆகாசத்துலயா?"

விசாரித்து எழுதினேன். பதிலில் கருத்தக்கண்ணன் தன் பலகையை வரைந்து அனுப்பியிருந்தார். குறுக்கே மூன்று கோடு அல்ல, நாலு. புள்ளி இருபத்தொன்பது. ஆடும் பதினைந்து அல்ல, பதினெட்டு. எங்க ஊருல இதுதான் பலகை, இதுதான் ஆட்டம் என்று ஒரு வரி. பிச்சையும் மற்றவர்களும் என் கார்டைப் பார்த்து என் பலகைக்கு மாறி ஆடியிருக்கிறார்கள், இவர் மட்டும் மாறவில்லை. அதாவது அவர் ஒரு பலகையிலும் இவர் வேறொரு பலகையிலும், ஒருவர் நகர்த்தலை இன்னொருவர் வாங்கி வாங்கி, மூன்று மாதம் ஆடியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தான் ஜெயிக்கப் போவதாக நினைப்பு.

வேறு ஒருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். எனக்கு நெருஞ்சி முள் குத்தியது. "வெங்காயம் ஆயத்தான் வெரலு வேணும்" காதில் கேட்டது. மெஷினில் ஸ்டென்சிலைச் சொருகி அடித்தேன். "சட்டம் 3: ஆடுபுலிப் பலகைக்குப் புள்ளி இருபத்து மூன்று. ஆடு பதினைந்து. இதுவே முறையான ஆட்டம். செம்மணூத்தில் ஆடப்படும் பதினெட்டு ஆட்டு ஆட்டம் சிறுபிள்ளை விளையாட்டு. அது வட்டத்தின் கணக்கில் சேராது." ஊர்ப் பெயரைப் போட வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தேதான் போட்டேன். அறுபது பிரதியையும் தபாலில் சேர்த்துவிட்டு வந்து படுத்தபோது மனசு குளிர்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து செம்மணூத்திலிருந்து ஒன்பது கார்டு ஒரே கட்டாக வந்தது. ஒன்பதும் பிச்சையின் கையெழுத்து, ஒன்பதிலும் ஒரே வாசகம். "முறையான ஆட்டம் தெரியாத காரணத்தால் வட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறோம்." கீழே ஒவ்வொருவர் பெயர். ஒன்பதாவது பிச்சையேதான்.

போனால் போகட்டும் என்று இருந்தேன். சனிக்கிழமை வந்தது. சின்னத்தாயின் கார்டு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. நான் ரெண்டு கார்டு போட்டேன், பதில் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை தபால்காரர் கீழே பாத்திரக் கடையில் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு, பாடம் நடத்துவதை விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன். "ஒங்களுக்கு மூணு இருக்கு" என்றார். மூன்றையும் புரட்டினேன். அவளுடையது இல்லை. எடுத்துக்கொண்டு படியேறினேன்.

அந்த மூன்றில் ஒன்று ஜெயினம்புவுடையது. இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. "ராக்கம்மா, சட்டத் தாளை வாசித்தேன். ஆட்டத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி தெரியவில்லை, யாரையோ வெளுத்த மாதிரி தெரிகிறது. எங்கள் தெருவிலும் உங்கள் பலகை கிடையாது. உங்களுக்காக மாற்றிக்கொண்டு ஆடுகிறேன். நானும் சிறுபிள்ளையா?"

கார்டைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்து வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

வாடிப்பட்டியில் இறங்கி வெயிலில் நாலு மைல் நடந்தேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். எல்லாமே சண்டையாகத்தான் வந்தது. ஊருக்குள் நுழையும் இடத்திலேயே பிச்சை கடை. நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த பலகைக் கட்டிலில் நீலச் சாக்கட்டியால் ஆடுபுலி போட்டிருந்தது. குறுக்கே கோடுகளை எண்ணினேன். நாலு. பல வருடம் ஒரே இடத்தில் கோடு போட்டுப் போட்டு மரமே தேய்ந்து குழிந்திருந்தது. ஏமாற்ற நினைத்த ஒருத்தர் நேற்று கூட்டிய கோடு இல்லை அது.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிச்சை மட்டும் எழுந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். "வாங்க டீச்சரம்மா. டீ சாப்பிடுங்க. சிறுபிள்ளைங்க கடைதான், பரவால்லயா?"

கடை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. டீயை வாங்கிக் குடித்தேன். "தங்கச்சி நல்லா இருக்காளா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கடப்பக்கம் வாரதில்ல. போயிப் பாருங்க" என்றார்.

வீட்டுப் பின்புறம் வெங்காயக் குவியலுக்கு நடுவில் சின்னத்தாய் உட்கார்ந்து வெங்காயத் தழையை அரிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வருவாள் என்று நினைத்தேன். "வாக்கா" என்றாள். எழவில்லை.

"ஏன்டி கார்டு போடல? நான் என்னன்னு நெனைக்கிறது? இவங்க எழுதவிடலையா? சொல்லு, கேக்குறேன் நான்."

"சத்தம் போடாதக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் எழுதப் பிடிக்கல."

"எனக்குக்கூடவா?"

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "அந்தச் சட்டத்த எங்க மாமாவத் திட்டுறதுக்குத்தான எழுதுன?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அவருக்கு ஒண்ணும் ஆகல. தொடச்சுட்டுப் போயிட்டாரு. நான் சர்க்கரை வாங்கப் போனப்ப கடையில அந்தத் தாள வாசிச்சாங்க. 'ஒங்க அக்கா எழுதியிருக்காக, கேளு தாயி'ன்னு. நான் மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டு போயி வைக்கிறது? நீ ஒருத்தரத்தான் அடிச்சோம்னு நெனச்ச. இந்த ஊருல ஒங்கையெழுத்துக்கு நாந்தான்க்கா பொறுப்பு."

அவள் விடவில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டா? நான் ரெண்டு வருசமா பதினெட்டு ஆட்டுலதான் ஆடுறேன். இங்க எல்லாரையும் ஜெயிச்சாச்சு. மாமாவையே ரெண்டு தடவ மடக்கியிருக்கேன். ஒனக்காகத்தான் கார்டுல மட்டும் பழைய பலகை. அதச் சிறுபிள்ள வெளையாட்டுன்னு சொல்லிட்டியேக்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாளித்திருப்பேன். வெங்காயத்தை எடுத்து மறுபடி அரிய ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை எடுத்தேன். கண் எரிந்தது. அதற்கு வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மத்தியானம் கருத்தக்கண்ணன் தோட்டத்திலிருந்து வந்தார். "வாம்மா, எப்ப வந்த?" என்று கேட்டார். எதிரியே வந்தாலும் கேட்கிற கேள்வி அது. கை கழுவி எனக்கு எதிரே உட்கார்ந்தார். சின்னத்தாய் பரிமாறினாள்.

"சாப்பிடும்மா. எங்க வீட்டுக் கொழம்பு ஒங்க வீட்டு மாதிரி இருக்காது. காரம் தூக்கலா இருக்கும்."

"பரவால்ல மாமா" என்று வாயில் வைத்தேன். உச்சந்தலை வரை ஏறியது. தண்ணீரைத் தேடவில்லை. வீம்புக்கு இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டேன்.

அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நிச்சயத்துக்கு ஒங்க வீட்டுக்கு வந்தப்ப நாங்க ஒங்க கொழம்பத்தான் சாப்பிட்டோம். தேங்காய அரச்சு ஊத்தி, இனிச்சுக் கெடந்துச்சு. எனக்குத் தொண்டையில எறங்கல. ஆனா இது கொழம்பே இல்லன்னு நான் சொன்னனாம்மா?"

சொல்லவில்லைதான். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு இப்போது ஞாபகம் வந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு சொன்னது. நாக்கு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. எழுத்தில் செய்த தப்புக்கு வாயில் கேட்டு என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சின்னத்தாய் தெருமுனை வரை வந்தாள். "போயிட்டு வாரேன்" என்றேன். "சரிக்கா" என்றாள். கார்டு போடுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயிற்றில் அந்தக் குழம்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒருத்தர் வீட்டுக்குப் போனால் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறோம். அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் நம்முடையதை. யாரும் இதற்குச் சட்டம் எழுதி வைக்கவில்லை, யாரும் இதில் சண்டை போட்டதும் இல்லை. சமயநல்லூர் தாண்டும்போது எனக்குப் புத்தி வந்தது. சத்தமாகவே, "அட மடச்சி" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துச் சீட்டு அம்மா தன்னைச் சொன்னதாக நினைத்து முறைத்தாள்.

திங்கட்கிழமை முதல் பேட்ச் வருவதற்கு முன் ஸ்டென்சிலைச் சொருகினேன். இந்தத் தடவை ஒரு ஓட்டைகூட விழவில்லை.

"சட்டம் 3 மாற்றப்படுகிறது. முதல் கார்டை யார் போடுகிறாரோ அவர் விருந்தாளி. அந்தக் கார்டு யார் வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டுப் பலகைதான் பலகை, அந்த வீட்டு ஆடுதான் ஆடு. விருந்தாளி குறை சொல்லக் கூடாது. சென்ற மாதத் தாளில் செம்மணூத்து ஆட்டத்தைப் பற்றி நான் எழுதியது தவறு. கோபத்தில் எழுதினேன். திரு. கருத்தக்கண்ணன் அவர்களும் செம்மணூத்து ஆட்டக்காரர்களும், அங்கே வாழும் என் தங்கையும் மன்னிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பலகையை வரைந்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ராக்கம்மாள்."

அறுபது பிரதி எடுத்தேன். செம்மணூத்து ஒன்பது பேருக்கும் சேர்த்துத்தான் அனுப்பினேன். தனியாக ஒரு கார்டில் சின்னத்தாய்க்கு எழுதினேன். "உங்கள் வீட்டுப் பலகையில் மூன்று புலி வைத்திருக்கிறேன். ஆடு எங்கே?"

வெள்ளைத்துரைதான் முதலில் ஓடிவந்தார். "ஏம்மா, ஆளாளுக்கு ஒரு பலகைன்னா நான் எம்புட்டுப் பலகைக்குக் கணக்கு வைக்கிறது?" என்று குதித்தார். நான் மேஜை மேலிருந்த கார்டுகளைக் காட்டினேன். அதற்குள் ஏழு தினுசுப் பலகை வந்து சேர்ந்திருந்தன. காஜிமார் தெருப் பலகையில் உச்சியே கிடையாது. ஒரு ஊரில் நாலு புலி. இன்னொரு ஊரில் புலி வெட்டுகிற முதல் ஆட்டை எடுக்கக் கூடாதாம், மன்னித்து விட்டுவிட வேண்டுமாம். மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, "இத அழகா வரஞ்சு அடுத்த தாள்ல போடணும்மா. நானே வரையுறேன்" என்றார். நேற்றுவரை இருபத்து மூன்றுக்காகச் சைக்கிள் மிதித்த ஆள்!

ஜெயினம்பு நாலு புதுப் பேரைச் சேர்த்துவிட்டார். யாரோ தாளை வாசித்துவிட்டு ஆடாமலே, "எங்கள் பாட்டன் ஊர்ப் பலகை இது, இருக்கட்டும் என்று அனுப்புகிறேன்" என்று வரைந்து அனுப்பினார்கள். செம்மணூத்திலிருந்து பிச்சையின் கட்டும் வந்தது. ஒன்பது கார்டு. "திரும்பச் சேர்ந்துகொள்கிறோம். விருந்தாளியாக முதலில் யாரை அனுப்புகிறீர்கள்? காரம் தாங்குகிற ஆளாகப் பார்த்து அனுப்பவும்." கருத்தக்கண்ணனின் கார்டில் மட்டும் கூடுதலாக ஒரு வரி, அவர் கையாலேயே, எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி: "பழசை விடும்மா."

வட்டம் அறுபதைத் தாண்டியது. எல்லோரும் என்னைப் பாராட்டி எழுதினார்கள். ஆனால் நான் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் கார்டு வரவில்லை. அறுபது பேர் இருந்து என்ன, அந்த ஒருத்தி இல்லாவிட்டால் எனக்கு இந்த வட்டம் எதற்கு என்று தோன்றிவிட்டது. மெஷின்களை மூடிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அவளை ஏழு வயதில் அழவைத்த ஆட்டங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். நிறைய இருந்தன.

அடுத்த சனிக்கிழமை, தபால்காரர் கீழேயிருந்தே கத்தினார். "டீச்சர், செம்மணூத்து!"

இறங்கி ஓடவில்லை, பயமாக இருந்தது. டைப் படிக்கிற பிள்ளை ஒருத்தி வாங்கி வந்து கொடுத்தாள். சின்னத்தாயின் எழுத்துதான், ஹையருக்குப் பழகிய அதே நேர்வரி.

"அக்கா, நீ என் வீட்டுக்கு வந்திருக்கே. இங்கே பதினெட்டு ஆடு. ஒரு வாரம் காக்கவைத்ததற்கு மன்னிச்சுக்கோ, உன்னை ஜெயிக்கணும் என்றுதான் யோசித்தேன். ஆடு 26. பாத்துக்கிறேன் உன்னை."

கீழே நூல் கட்டின கண்ணாடிக்காரரின் கையெழுத்து: "டீச்சரம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஜாக்கிரதை."

'என் வீடு' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. மூன்று வருடமாக 'இவங்க வீடு' என்று எழுதியதைப் பார்த்துப் பார்த்து, அவளை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வலித்தது. வலித்ததைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு என் பலகையை எடுத்து மேஜையில் வைத்து, மூன்று கோட்டுக்குக் கீழே நாலாவதாக ஒரு கோடு இழுத்தேன். மேலிருந்து எண் போட்டுக்கொண்டே வந்தேன். அடிக்கோட்டின் இடது மூலையில் இருபத்தாறு விழுந்தது. அவள் எப்போதும் முதல் ஆட்டை வைக்கிற அதே மூலை. புளியங்கொட்டை ஒன்றை எடுத்து அங்கே வைத்தேன்.

"என்ன டீச்சர், ஜெயிச்சுட்டீங்களா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"இல்லடி" என்றேன். "இப்பத்தான் உள்ள கூப்பிட்டிருக்கா."